நவீன காரின் வழக்கமான பராமரிப்பில் எதுவரை நாமே செய்யலாம்?

காவிரிக்கரை, திருச்சி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2021ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் ஸ்விஃப்ட் இருக்கிறது. பள்ளிக்கும் வீட்டுக்குமாக ஓடும் வண்டி. விடுமுறை நாட்களில் கொல்லிமலைக்கோ மதுரைக்கோ போய் வருவோம். உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதால், இனியும் ஒவ்வொரு சர்வீசுக்கும் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோக வேண்டுமா என்ற யோசனை எழுந்திருக்கிறது. சென்ற முறை தந்த பில்லில் ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் ஆன தொகையைவிட, இன்ஜெக்டர் சுத்தம், த்ராட்டில் பாடி சுத்தம், இன்ஜின் ஃபிளஷ், ஏசி கிருமிநீக்கம் என்ற தலைப்புகளில் போடப்பட்ட தொகை கூடுதலாக இருந்தது. அவை ஏன் தேவைப்பட்டன என்று கேட்டும் தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை.

என் தந்தை அம்பாசிடர் வைத்திருந்த காலத்தில் பிளாட்டினம் பாயிண்ட் தேய்த்து இடைவெளி வைப்பது, பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்வது, கார்புரேட்டரைத் திருகிச் சரிசெய்வது எல்லாம் வீட்டு வாசலிலேயே நடக்கும். இன்றைய வண்டியின் பானட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடியும் ஒயர்களும்தான் கண்ணில் படுகின்றன. கம்ப்யூட்டர் வண்டியில் கை வைக்கக்கூடாது என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த, ஆனால் தொழில்முறைப் பயிற்சி இல்லாத ஒருவர் இத்தகைய வண்டியில் எந்தெந்த வேலைகளை நம்பிக்கையோடு செய்யலாம், எவற்றைத் தொடவே கூடாது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.


பட்டறைவாசி, கோயம்புத்தூர்:

வணக்கம் ஐயா. நான் கோவையில் சிறிய பட்டறை நடத்துகிறேன். உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது எரிபொருள் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும்தான். அதாவது, உங்கள் தந்தை பாயிண்ட்டையும் கார்புரேட்டரையும் திருகிச் செய்த வேலைகளை அது தானே செய்துகொள்கிறது. ஆயில் அழுக்காவதும், ஃபில்டர் அடைத்துக்கொள்வதும், டயர் தேய்வதும், வைப்பர் ரப்பர் வெயிலில் விறைத்துப்போவதும் அன்று போலவே இன்றும் நடக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ள உங்களால் முடியும்.

எந்த வேலையைச் செய்யலாம் என்று முடிவெடுக்க நான் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: இதில் தவறு நேர்ந்தால் வண்டி வீட்டு வாசலிலேயே காட்டிக்கொடுக்குமா, அல்லது வேகமாக ஓடும்போது கைவிடுமா? டிரைன் போல்ட் சரியாக இறுகவில்லை என்றால் இன்ஜினை ஓடவிட்ட சில நிமிடங்களில் தரையில் சொட்டு தெரியும். ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப் மாட்டவில்லை என்றால் சத்தம் மாறும். பிரேக் குழாயில் காற்று புகுந்திருந்தால் அது தெரியவரும் இடம் உங்கள் வாசலாக இல்லாமல் போகலாம். ஆகவே முதல் வகை உங்களுடையது, இரண்டாம் வகை பட்டறையுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசி ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான கார்களைப் போலவே உங்கள் வண்டியிலும் அது டேஷ்போர்டின் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. கருவி ஏதும் தேவையில்லை. ஏசி காற்று குறைந்துவிட்டது என்று சொல்லி எங்களிடம் வருபவர்களில் பலருக்குக் கேஸ் குறைந்திருப்பதில்லை, இந்த ஃபில்டர்தான் தூசியால் அடைத்திருக்கிறது. மாற்றும்போது காற்றோட்டத் திசையைக் காட்டும் அம்புக்குறியைக் கவனிக்க வேண்டும். அடுத்து ஏர் ஃபில்டர். அதைத் தண்ணீரில் கழுவவோ உயர் அழுத்தக் காற்றால் அடிக்கவோ கூடாது. காகித இழைகள் கிழிந்தால் தூசி நேராக சிலிண்டருக்குப் போகும். வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்துபவர்கள் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பொருத்தியிருக்கும் பள்ளத்தில் சேரும் சருகுகளை அடிக்கடி எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அங்குள்ள நீர் வடியும் துளைகள் அடைத்துக்கொண்டால் மழைநீர் வண்டிக்குள் இறங்கும்.

ஆயில் மாற்றுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய வண்டிப் பழக்கம் இடறும் இடம் இதுதான். உங்கள் இன்ஜினுக்கு நிறுவனம் பரிந்துரைப்பது 0டபிள்யூ-16 என்ற மிக மெல்லிய ஆயில். நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்று 20டபிள்யூ-40 ஊற்றச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அம்பாசிடருக்கு அது பொருந்தியிருக்கலாம். உங்கள் இன்ஜினில் வால்வுகள் திறக்கும் நேரத்தை முன்னும் பின்னும் மாற்றும் அமைப்பே ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. அதன் துளைகள் மிகக் குறுகியவை. காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது கெட்டியான ஆயில் அங்கு போய்ச்சேரத் தாமதமாகும். எனவே கையேட்டில் உள்ள தரத்திலிருந்து விலக வேண்டாம்.

வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி, ஆயில் இளஞ்சூடாக இருக்கும்போது வடிக்க வேண்டும். கொதிக்கும் சூட்டில் வேண்டாம். டிக்கியில் தந்திருக்கும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்கவே கூடாது. சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைபிரேக் போட்டு, வண்டியைத் தூக்கியபின் அதன் எடையை உறுதியான இரும்பு ஸ்டாண்டுகளின்மீது இறக்கி, அசைத்துப் பார்த்த பிறகே அடியில் போக வேண்டும். ஸ்டாண்டு வாங்க இயலாதவர்கள் ஆயில் மாற்றும் வேலையைப் பட்டறைக்கே விட்டுவிடுவதுதான் சரி என்று உறுதியாகச் சொல்வேன்.

டிரைன் போல்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் புதிய வாஷர் போட வேண்டும். போல்ட்டை முதலில் விரலாலேயே சில சுற்றுகள் ஏற்றிவிட்டு, பிறகுதான் ஸ்பேனர் வைக்க வேண்டும். கோணலாக ஏற்றி இறுக்கினால் மரை போய்விடும், பிறகு ஆயில் சம்ப்பையே (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியையே) மாற்றும் நிலை வரும். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்வதுண்டு; அதைப் பார்க்காமல் அதன் மேலேயே புதிய ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையங்களுக்கு நடுவே ஆயில் பீறிட்டு வெளியேறும். புதிய வளையத்தில் சிறிது ஆயில் தடவி, அது பரப்பைத் தொட்டபின் ஃபில்டரின் மேல் அச்சிட்டிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் முக்கால் சுற்று, கையாலேயே இறுக்கினால் போதும். ஊற்றிய பின் ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழே இறங்கக் காத்திருந்து, அளவுக் கம்பியில் இரண்டு குறிகளுக்கு இடையே நிற்கிறதா என்று பாருங்கள். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அதைக் கடைந்து நுரைக்க வைத்துவிடும். டேஷ்போர்டில் உள்ள சிவப்பு ஆயில் விளக்கு அழுத்தத்தைக் காட்டுவதே தவிர அளவைக் காட்டுவதல்ல. அது எரியும் வரை காத்திருப்பவர்கள் இன்ஜினைப் பிரிக்கத்தான் வருகிறார்கள்.

உங்கள் பில்லில் இருந்த மற்ற வேலைகளைக் கையேட்டின் பின்பகுதியில் உள்ள பராமரிப்பு அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டவணையில் இல்லாததும், வண்டி ஓடுவதில் எந்தக் குறையும் தெரியாதபோது செய்யப்படுவதும் தேவையற்றது என்பது என் கருத்து. இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் நீங்களும் கை வைக்க வேண்டாம். அதன் தகடு மின்மோட்டாரால் இயங்குவது. சில வண்டிகளில் சுத்தம் செய்தபின் நிலையை மறுபடி கற்றுக்கொடுக்க ஸ்கேனர் தேவைப்படும்.


மின்னோட்டம், ஓசூர்:

பட்டறைவாசி ஐயா சொன்னவற்றோடு கம்ப்யூட்டர் பக்கத்தைப் பற்றி நான் சேர்க்க விரும்புகிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்பதை உரிமையாளரே பார்க்கும் வசதி அம்பாசிடரில் இல்லை. உங்கள் வண்டியில் இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஓபிடி இணைப்பு ஒன்று இருக்கும். அதில் மாட்டக்கூடிய சிறிய புளூடூத் கருவியும் கைபேசியில் ஒரு செயலியும் இருந்தால் செக் இன்ஜின் விளக்கு ஏன் எரிகிறது என்பதற்கான குறியீட்டைப் படிக்கலாம். கூலண்ட் வெப்பநிலை, பேட்டரி மின்னழுத்தம் போன்றவற்றை வண்டி ஓடும்போதே காணலாம். நம் நாட்டில் 2013 ஏப்ரல் முதல் பிஎஸ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தைச் சேர்ந்த கார்களுக்கு இந்த அமைப்பின் இரண்டாம் நிலை கட்டாயமாக்கப்பட்டது.

ஆனால் குறியீடு என்பது எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்ற ஆணை அல்ல. எடுத்துக்காட்டாக, பி0171 என்றால் எரிபொருளை ஒப்பிடும்போது காற்று அதிகமாக இருக்கிறது என்று பொருள். அதைக் கண்டதும், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை வாங்கி மாற்றுபவர்கள் உண்டு. உண்மையில் அந்தச் சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் குறியீடே வந்திருக்கும். ஏதாவது ஒரு ரப்பர் குழாய் விரிசல் விட்டிருக்கலாம், அல்லது ஏர் ஃபில்டர் மாற்றியபோது கழற்றிய இணைப்பு சரியாக உட்காராமல் இருக்கலாம். காரணத்தைத் தேடுவதற்கான திசையைத்தான் குறியீடு தருகிறது.

இன்னொன்றைச் சொல்கிறேன், ஏனெனில் இதை யார் வேண்டுமானாலும் செலவில்லாமல் செய்து பார்க்கலாம். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் தீப்பற்றல் தவறுகிறது என்று பொருள். உங்கள் இன்ஜினில் ஒவ்வொரு பிளக்குக்கும் தீப்பொறிக்கான மின்சாரம் தரும் தனித்தனி காயில் இருக்கிறது. இன்ஜின் ஆறிய பிறகு முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதை முதலிலும் மாற்றி மாட்டி, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0302 ஆக மாறினால் காயிலோடு சேர்ந்து கோளாறும் இடம்பெயர்ந்திருக்கிறது. காயிலை மட்டும் வாங்கினால் போதும். பி0301 ஆகவே நீடித்தால் பிளக், இன்ஜெக்டர் என்று அடுத்துத் தேட வேண்டும். இவ்வளவு தெளிவோடு பட்டறைக்குப் போகிறவரிடம் தேவையில்லாத பாகத்தை யாரும் எளிதில் விற்றுவிட முடியாது. குறியீட்டை அழிப்பதற்கு முன் அதையும், அது பதிவான வேளையில் இருந்த அளவீடுகளையும் படம் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம், ஏனென்றால் அழித்துவிட்டால் மெக்கானிக்குக்கும் அந்தத் தடயம் கிடைக்காது. வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிடுங்கள்; மாட்டியபடியே பல நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கும்.

பேட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவு முழுவதும் நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் அளவுக்கு இருந்தால் முழுச் சார்ஜ், 12.2க்குக் கீழே போனால் பாதிக்கும் குறைவு. உங்கள் மாடல் சிக்னலில் தானாக நின்று தானாகப் புறப்படும் வசதி கொண்டது. அதற்கான பேட்டரி அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும்படி வலுவாகச் செய்யப்பட்டது; மாற்றும்போது விலை குறைவு என்று சாதாரண பேட்டரியைப் போட்டால் விரைவில் வீணாகிவிடும். கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள்.

தொடக்கூடாதவை என்று கேட்டீர்கள். மஞ்சள் நிற இணைப்பு உள்ள ஒயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. ஸ்டியரிங்கையும் அதைச் சார்ந்த பகுதிகளையும் பிரிக்காதீர்கள். ஆரஞ்சு நிறக் கேபிள் உங்கள் வண்டியில் இருக்காது, ஆனால் முழு ஹைப்ரிட் கார்களும் மின்கார்களும் வைத்திருப்பவர்கள் அதன் அருகில் கூடப் போகக்கூடாது, அது உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம். ஏசி கேஸ் நிரப்புவதும் வீட்டு வேலை அல்ல. மின்விசையால் இயங்கும் கைபிரேக் கொண்ட கார்களில் பின்சக்கர பிரேக் பேட் (உராய்வுக் கட்டை) மாற்றும்போது முதலில் ஸ்கேனர் மூலமோ கையேட்டில் சொன்ன வழியிலோ பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பழைய முறையில் பிஸ்டனை அழுத்தித் தள்ளினால் உள்ளிருக்கும் மோட்டார் அமைப்பு உடைந்துவிடும்.


வழக்குரை, மதுரை:

உத்தரவாதம் இன்னும் முடியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு செய்தி. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த ஆணையில், உதிரிபாகங்களும் பழுதுபார்ப்புத் தகவல்களும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுக்கக்கூடாது என்று கூறியதோடு, வெளியில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதம் முழுவதையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும், அந்தத் தவறான வேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்றும் கூறியது. அந்த ஆணையை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. எனவே சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்ற துணிவில் மட்டும் இறங்காமல், உத்தரவாதக் காலத்தில் அட்டவணைப்படியான சர்வீசை அங்கீகாரம் பெற்ற இடத்திலேயே செய்துகொண்டு, இடைப்பட்ட காலத்தில் டயர், ஃபில்டர், வைப்பர், பேட்டரி முனை போன்றவற்றை மட்டும் நாமே கவனிப்பதுதான் நடைமுறையில் பாதுகாப்பானது. வீட்டில் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் தேதி, ஓடிய கிலோமீட்டர், பாகத்தின் எண், பில் ஆகியவற்றை ஒரு நோட்டில் சேர்த்து வையுங்கள். பிறகு வண்டியை விற்கும்போதும் அது பயன்படும்.


மாடிவீடு, சென்னை:

அடுக்குமாடியில் குடியிருப்பவர்களின் நிலை வேறு. வாகன நிறுத்தத்தில் ஆயில் வடிப்பதைச் சங்கம் அனுமதிக்காது. அனுமதிக்காமல் இருப்பதும் நியாயம்தான். வடித்த ஆயில் 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி அபாயகரமான கழிவு. அதைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றினால் நிலத்தடி நீருக்குத்தான் போகும். கரையான் வராது என்று மரச் சட்டங்களில் பூசுவதற்கு அதைக் கேட்டு வாங்கிப்போகும் பழக்கமும் ஊர்களில் இருக்கிறது. தோலில் படக்கூடாத பொருள் என்பதால் அதற்கும் கொடுக்க வேண்டாம். புது ஆயில் வந்த கேனிலேயே வடித்ததை ஊற்றி மூடி, மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பழைய ஃபில்டரையும் கவிழ்த்து வைத்து முழுவதும் வடிந்த பிறகு அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

பாகங்கள் வாங்குவதிலும் கவனம் தேவை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற இடங்களில் நல்ல கடைகள் பல இருந்தாலும், ஆயில் ஃபில்டரிலும் பிரேக் பேடிலும் போலிகள் சந்தையில் புழங்குகின்றன; பாக எண்ணைச் சொல்லி, பில்லோடு, நிறுவன விநியோகஸ்தரிடமே வாங்குவது நல்லது. கூடவே எலிகளைப் பற்றியும் நினைவூட்டுகிறேன். தரைத்தளத்தில் நிறுத்தும் வண்டிகளில் ஒயர் கடிபடுவது சென்னையில் அன்றாடச் செய்தி. வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து எச்சம், சருகு, கடித்த தடம் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் பெரிய செலவைத் தடுக்கும்.


காவிரிக்கரை, திருச்சி:

விரிவான விளக்கங்களுக்கு மனமார்ந்த நன்றி. ஃபில்டர்களையும் பேட்டரியையும் நானே பார்த்துக்கொள்கிறேன். ஸ்டாண்டு வாங்கிய பிறகே ஆயில் வேலையைத் தொடங்குவேன். இரண்டு ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. பிரேக் ஆயில் மேல் குறியிலிருந்து சற்று இறங்கியிருக்கிறது, அதை நானே ஊற்றி நிரப்பலாமா? கூலண்ட் குறைந்தால் வீட்டு போர் தண்ணீரை ஊற்றலாமா?


பட்டறைவாசி, கோயம்புத்தூர்:

ஐயா, பிரேக் ஆயிலை உடனே நிரப்பாதீர்கள். முன்சக்கர பேடுகள் தேயத் தேய, பிஸ்டன் வெளியே நகர்ந்து அந்த இடத்தை ஆயில் நிரப்புவதால் மேலே உள்ள அளவு மெல்ல இறங்கும். அதாவது, பேடைப் பார் என்று வண்டி சொல்கிறது. சக்கரத்தின் இடைவெளி வழியே டார்ச் அடித்துப் பேடின் தடிப்பைப் பாருங்கள். உராயும் பகுதி மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். புது பேட் போடும்போது அளவு தானாக மேலே வந்துவிடும். பேட் தடிமனாக இருந்தும் அளவு இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது; அப்படியானால் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்குத் தகவல் கொடுங்கள்.

கொல்லிமலைக்குப் போவதாகச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் அதற்கு வகுக்கப்பட்ட அளவு 140 டிகிரிதான். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், பழைய ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகி, பெடல் அடிவரை போய் பிரேக் பிடிக்காமல் போகும் வாய்ப்பு இருக்கிறது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்க்காமல், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுங்கள். மலை ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள். இந்த ஆயிலை மாற்றும் வேலையைப் பட்டறையிலேயே செய்யுங்கள், ஏனென்றால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்புக்குள் காற்று புகுந்தால் அதை வெளியேற்றச் சில வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமல் முடியாது.

போர் தண்ணீர் கூலண்டுக்கு வேண்டவே வேண்டாம். நம் பக்கத்து நிலத்தடி நீரில் உப்பு அதிகம். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைத்துவிடும். நிறத்தைப் பார்த்து இன்னொரு கூலண்டைக் கலப்பதும் கூடாது, ஏனெனில் பச்சை, நீலம், சிவப்பு என்பவை அந்தந்த நிறுவனம் சேர்க்கும் சாயமே தவிர உள்ளிருக்கும் வேதிப்பொருளின் வகையைக் காட்டுபவை அல்ல. கையேட்டில் குறிப்பிட்ட கூலண்டை, இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் மேல் குறி வரை ஊற்றுங்கள். அவசரத்துக்கு வேறு வழியில்லை என்றால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் ஒரு பாட்டில் சேர்க்கலாம். ஒரு முறை நிரப்பிய பிறகு அடுத்த மாதமே மறுபடி குறைந்தால் நிரப்பிக்கொண்டே இருக்காமல் கொண்டுவந்து காட்டுங்கள். அழுத்தம் கொடுத்துப் பார்த்தால் கசிவு எங்கே என்பது தெரிந்துவிடும்.